நான் வளர்க்காத கிளி

விடுதியில் கடைசிக் கட்டிலில் படுத்தவள் நேற்று நம் குழுவில் ஒரு கேள்வி போட்டாள். மகள் தை மாதம் கல்லூரிக்குப் போகிறாளாம். ஆறாம் வகுப்பு, நம்மைப் போலவே விடுதி வாசம். போகுமுன் அவளுக்கு ஒரு கிளி வாங்கிக் கொடுக்கலாமா, வேண்டாமா?

என் தேநீர் ஆறுவதற்குள் நீங்கள் எல்லாரும் கிளிக்காரிகள் ஆகிவிட்டீர்கள். ஒருத்தி வீட்டுக் கிளி தபால்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாம். இன்னொருத்தி வீட்டுக் கிளி அவள் அழுதால் தானும் அழுமாம். ஒருத்தி சட்டம் பேசினாள். ஒருத்தி மஞ்சள் முகங்களாக அனுப்பித் தள்ளினாள். எல்லாருடைய சிறுபராயத்திலும் ஒரு கிளி இருந்திருக்கிறது, எல்லாக் கிளியும் இனிமையாகத்தான் பேசியிருக்கிறது. நான் நம்பவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பாகற்காயும் பனங்கட்டியாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது நான் வளர்க்காத கிளியின் கதை. அதை இனிமையாகச் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் சொல்ல மாட்டேன்.

உங்களில் பாதிப் பேர் வாவிக்கரைக்காரர். உங்களுக்குக் கிளி என்றால் கூடு, கொய்யாப்பழம், பேச்சு. உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே பிறந்தவளுக்குக் கிளி என்றால் களவு. கதிர் பால் முற்றி மஞ்சள் பூசத் தொடங்குகிற நாட்களில் அவை காட்டுப் பக்கமிருந்து வரும். முதலில் சத்தம் வரும். வானத்தை யாரோ நீளமாகக் கிழிப்பது போல. பிறகு பச்சை வரும். எங்கள் வட்டையில், குளத்து நீர் பாய்கிற அந்த முழு வயல்வெளியில், எங்கே நெல் முந்தி விளைந்திருக்கிறது என்று விதைத்தவனுக்கு முன் கிளிக்குத் தெரியும். குருவி மாதிரி இருந்து கொறிக்காது. கதிரின் கழுத்தை ஒரே கடியில் அறுத்து, முழுக் கதிரையும் சொண்டில் கவ்விக்கொண்டு எழும்பும். பச்சைப் பறவை, சிவந்த சொண்டு, கீழே தொங்குகிற பொன் கதிர். கலியாண வீட்டுக்குப் போகிறவள் நகை அணிந்து போவது போலப் போகும்.

அவற்றை விரட்டுவது என்னுடையதும் மச்சாளுடையதும் வேலை. மச்சாள் என்றால் மாமாவின் மகள், என் வயது. பரணில் ஏறி இருந்து, கயிற்றில் கட்டிய தகரங்களை இழுத்து ஆட்டுவோம். தகரத்தின் துரு கையில் ஏறும். நான் அடிக்கடி கையை மணந்து பார்ப்பேன். அந்தக் கையாலேயே சோளம் தின்று, நாக்கெல்லாம் இரும்புச் சுவை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். விரட்டும்போதே எனக்கு அவற்றின் மேல் ஆசை. இவ்வளவு பேர் காவலிருக்க, இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு அழகாகக் களவெடுக்கிற ஒன்றை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஒவ்வொரு போகத்திலும் அம்மாவிடம் கேட்பேன். அம்மா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தா.

"நெல்லுத் திண்டு அழிக்கிற சாதிக்கு வீட்டுக்குள்ளயும் சோறு போடணுமா புள்ள?"

அவ்வளவுதான். அந்தக் கதவு அங்கே பூட்டும்.

பிறகுதான் புலமைப்பரிசில் சோதனை வந்தது, பாஸானது வந்தது, புளியந்தீவுப் பட்டணத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லி, எங்கள் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துப் போனார். ஆனால் அந்த வருடம் விடுதிக் கூரையை மாரிக்காற்று பிடுங்கியிருந்தது, ஞாபகமா? தூரத்துப் பிள்ளைகள் சித்திரை வருடப்பிறப்புக் கழிய இரண்டாம் தவணைக்கு வந்தால் போதும் என்றார்கள். ஆக, அந்த மாசியும் பங்குனியும் எனக்குக் கொசுறாகக் கிடைத்த மாதங்கள். வட்டை முழுவதும் விளைந்து தலைசாய்த்து நின்றது. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்தது. எந்தக் காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதை திறந்த வருடம், பாதை பூட்டிய வருடம் என்றுதானே நம் வயதுக்காரர் எண்ணுகிறோம்.

அப்படி ஒரு காலையில் அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னா:

"கிளி கிளி எண்டு கேட்டயே. மாமாக்கிட்டச் சொல்லியிரிக்கன். குஞ்சொண்டு எடுத்துத் தருவார்."

எண்ணெய் கண்ணுக்குள் வழிந்தது. நான் துடைக்கவில்லை. அசைந்தால் அந்தச் சொல் கலைந்துவிடும் போல இருந்தது.

மாமா அம்மாவுக்கு அண்ணன். கலியாணம் முடித்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாமியின் வீட்டுக்குப் போய்விட்டவர். போனாலும் எங்கள் வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி விற்பதென்றாலும் அவர் வந்து தொண்டையைச் செருமினால்தான் முடிவாகும். அவர் வாய்க்கால் ஓரத்து மருத மரத்தில் கிளிப்பொந்து பார்த்து வைத்திருந்தார். குஞ்சு வருமுன் கூடு வந்தது. பிரம்பை நெருப்பில் வாட்டி வளைத்துக் கட்டிய கூடு. மேலே குடுமி போல ஒரு கொளுக்கி. கதவு மேலும் கீழும் வழுக்கும். உள்ளே ஊஞ்சலுக்குப் பதில் ஒரு கொய்யாக் கம்பு, பட்டை உரிக்காமல். வெறுங்கூட்டை முன் விறாந்தையில் தொங்கவிட்டார்கள். காற்றுக்கு அது மெதுவாகச் சுற்றும். நான் கையை உள்ளே விட்டுக் கம்பில் இரண்டு விரலை ஊன்றி வைப்பேன், கால்கள் போல. அவ்வளவு ஆசை எனக்கு. இதை நீங்கள் மறக்காமல் வாசிக்க வேண்டும். எனக்கு அந்தக் கிளி வேண்டியிருந்தது.

பரணில் இருக்கும்போது மச்சாள்தான் உடைத்தாள். தகரக் கயிற்றை இழுப்பதை நிறுத்தவேயில்லை.

"உனக்கு ஏன்கா கிளி புடிக்காங்க எண்டு தெரியுமா?"

"நான் கேட்டதுக்கு."

"நீ பல்லு விழுந்த காலத்தில இருந்து கேக்காய். இப்ப மட்டும் எப்படி அவங்களுக்குக் காது கேட்ட?"

நான் கையிலிருந்த சோளத்தை உரித்தேன்.

"குஞ்சு முதல்ல ஆர்ட கையால திங்குதோ அந்தக் கையாலதான் திங்குமாம். கை மாறினாப் பட்டினி கிடந்து செத்துப் போகுமாம். நீ குரக்கன் கூழ் ஊட்டுவாய். மறுகா எப்படிப் போவாய்? நீயே அழுது, நான் போகல்ல எண்டு சொல்லுவாய். ஆரும் மறிச்ச மாதிரி இரிக்காது. எங்கட அப்பாவும் உங்கட அம்மாவும்தான் கதைச்ச. நான் வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள மாங்காய் திண்டுக்கிட்டிருந்தன்."

"பொய்."

"அம்மாளாணை. உப்பும் தூளும் தொட்டுத் திண்டுக்கிட்டிருந்தன்."

"மாங்காயச் சொல்லல்ல, விசரி!"

"கதையும் மெய்தான்கா. நீ போகாட்டி எனக்கும் நல்லம். பரணுக்கு ஆள் வேணும்தானே." கொஞ்சம் யோசித்தாள். "போறதெண்டாக் கிளிய எனக்குத் தந்துட்டுப் போ."

"கை மாறினாச் செத்துப் போகுமெண்டாய்."

"எனக்கிட்டச் சாகாது. நான் உன்ன மாதிரிக் கைய மணந்துக்கிட்டுத் திரியிறல்ல."

கீழே ஒரு கூட்டம் இறங்கிக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அவற்றை விரட்டவில்லை.

அடித்து மறித்திருந்தால் நான் அழுதிருப்பேன். அடம்பிடித்திருப்பேன், இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்திருப்பேன். அது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. இவர்கள் என் ஆசையை எடுத்து, வாட்டி, வளைத்து, எனக்கே கூடு கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் பிள்ளையிடம் எதையும் களவெடுக்கலாம், தோழியரே. ஆசையைக் களவெடுத்தால் பிள்ளை மன்னிக்காது. நான் மன்னிக்கவில்லை.

அம்மாவிடம் நேரே போனேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"நான் கல்லூரிக்குப் போனா என்ன அம்மா?"

திருவலை நிற்கவில்லை. "இந்த வீடு ஆர்ட?"

"என்ட."

"வீட்டுக்காரி இல்லாத வீட்டுல விளக்கு ஆர் வைக்கிற?"

"நீங்க."

"நான் உன்ட வீட்டுல இரிக்கிறவதானே!" சொல்லிவிட்டுத் தானே சிரித்தா.

"அப்ப என்ட வீட்டுல கிளி வேணுமா வேணாமா எண்டு நான்தானே சொல்லணும்?"

சிரிப்பு நின்றது. தேங்காய்ப்பாதியைத் திருப்பிப் பார்த்தா, அதற்குள் பதில் இருப்பது போல. அன்று பின்னேரம் வாய்க்காலைக் கடந்து மாமா வீட்டுக்குப் போய் வந்தா.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தாலும் அவள் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். அப்பா அப்படி வந்தவர். மாமா அப்படிப் போனவர். அதனால்தான் முடிவெடுக்கிற நேரமெல்லாம் அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பு பார்க்கப் போவார், வந்த வீட்டில் அவருக்கு அவ்வளவுதான் குரல். மற்ற ஊர்களில் மகளை அனுப்பி அழுவதற்கென்று ஒரு நாள் இருக்கிறது, அதற்கு மேளம் இருக்கிறது, சொல்லிக் கொடுத்த அழுகை இருக்கிறது. எங்கள் தாய்மாருக்கு அது கிடையாது. எங்கள் குடியில் மகளை வாசல் தாண்டி அனுப்பிய ஒரு தாயும் இல்லை. அம்மாவுக்குப் பார்த்துப் பழக ஆளே இல்லை. இது இன்று தெரிகிறது. அன்று தெரிந்திருந்தாலும் நான் வேறு மாதிரிச் செய்திருக்க மாட்டேன். தெரிந்துகொள்வது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு.

மாமா இடம் தேர்ந்தெடுத்தார். அவருடைய மூளையை இன்றும் மெச்சுகிறேன்.

களவெட்டியை நீங்கள் எத்தனை பேர் கண்டிருக்கிறீர்களோ தெரியாது. வெட்டிய நெல்லைச் சூடு போட்டு மிதிக்கிற வட்டமான களம். அதற்குள் செருப்பு ஆகாது, குடை ஆகாது, சீழ்க்கை ஆகாது. பெரிய பெண்கள் விளிம்போடு நிற்க வேண்டும். என்னைப் போன்ற சின்னவர்கள் உள்ளே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சில சொற்கள் ஆகாது. இல்லை, வேண்டாம், போதும், முடிந்தது. இவற்றில் ஒன்றைச் சொன்னாலும் பொலி குறைந்துவிடும். குவிந்து கிடக்கிற நெல் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதற்கு மனம் நோகும். தேநீர் போதுமென்றால் கோப்பையைக் கவிழ்த்து வைக்கலாம், வாயால் சொல்லக் கூடாது. சாக்கு முடிந்துவிட்டால் "சாக்குப் பெருகிட்டு" என்று கத்துவார்கள், மற்றவன் விளங்கிக்கொண்டு ஓடுவான். வாயாடிகளெல்லாம் அங்கே வந்து நாக்கைக் கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும்.

அந்த இடத்தில் வைத்துத்தான் மாமா கிளியைத் தந்தார்.

வெயில் சாய்கிற நேரம். உழவு மிசின் உப்பட்டிகளின், அரிந்த கதிர்ப் பிடிகளின், மேல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வைக்கோல் தூசி வெளிச்சத்தில் தங்கப் புகையாய் நின்றது. கழுத்தெல்லாம் சுணை. நானும் மச்சாளும் தேநீர் வாளியோடு உள்ளே போனோம். அம்மா விளிம்பில் கோப்பைகளோடு நின்றா. மாமா கையைக் காட்டி மிசினை நிற்பாட்டச் சொன்னார். தலைப்பாகைத் துண்டின் தொங்கலுக்குள்ளிருந்து ஒரு சிரட்டையை எடுத்தார்.

"இந்தா மருமகள். கேட்டது வந்திரிக்கு. வாங்கு."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "பொலி, பொலி" என்றார் ஒருவர். குஞ்சு கிடைப்பதும் ஒரு விளைச்சல்தானே.

சிரட்டையைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தேன். இளஞ்சிவப்புத் தோல், உடம்புக்குப் பொருந்தாத பெரிய சொண்டு, முதுகில் நாற்று முளைத்தது போலப் பச்சைக் குருத்துகள். கண் பாதி திறந்திருந்தது. தொண்டைக்குக் கீழே தீன்பை மெல்லிய தோலோடு ஏறி ஏறி இறங்கியது. அழகே இல்லை. ஒரு துளியும் இல்லை. விரலை நீட்டினேன், சொண்டால் பிடித்தது. கடிக்கவில்லை, பிடித்தது. அந்தச் சூடு விரலிலிருந்து முழங்கைக்கு ஏறியதை என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

கோப்பையென்றால் கவிழ்க்கலாம். குஞ்சை எப்படிக் கவிழ்ப்பது?

மாமாவைப் பார்த்தேன். அவர் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வைக்கோல் இழுக்கிற கம்போடு தூரத்தில், வழக்கம் போல வேறு திசையில். அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த முகத்தில் நான் வெறுக்கக்கூடியது ஏதாவது இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"வேணாம்," என்றேன்.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நான் மெதுவாகச் சொல்லவில்லை. கிளி விரட்டிப் பழகிய தொண்டை.

"எனக்கு வேணாம். நான் கல்லூரிக்குப் போறன்."

நிற்பாட்டிய மிசினின் சூடு டிக் டிக்கென்று ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் "அம்மாளே" என்று இரண்டு காதையும் பொத்தினார். மாமா பாய்ந்து தலைப்பாகையை அவிழ்த்து நெற்குவியலின் மேல் விரித்தார், அதற்குக் காது இருப்பது போல, இனியாவது கேட்காதிருக்கட்டும் என்பது போல.

அந்த அமைதிக்குள் மச்சாள்: "அப்ப எனக்குத் தாங்க!"

"வாய மூடு!" மாமா அந்த வருடத்துக் கோபம் முழுவதையும் அவள் மேல் கொட்டினார். பாவம் அவள்.

நான் சிரட்டையோடு களவெட்டியை விட்டு வெளியே வந்தேன். அம்மா கையிலிருந்த கோப்பைகளைக் கீழே வைத்தா.

"ஏன் புள்ள உள்ளுக்குள்ள வைச்சு அப்படிச் சொன்னாய்?"

"வெளியில வைச்சுக் கேட்டிருந்தா வெளியில சொல்லியிருப்பன்."

அம்மா குனிந்து கோப்பைகளைத் திரும்ப அடுக்கினா. பதினொரு வயதில் நான் சொன்ன அந்த ஒரு வசனத்தைவிட நல்ல வசனம் பிறகு எத்தனையோ எழுதிக் குவித்தும் எனக்கு வாய்க்கவில்லை.

குஞ்சைத் திருப்பி வைக்க வேண்டும். யாரும் முன்வரவில்லை. அப்பா கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, சிரட்டையை வாங்கிக்கொண்டு, வரம்போடு முன்னால் நடந்தார். நான் பின்னால். வெட்டிய வயலில் தாள்கள் காலைக் குத்தின.

"சத்தமாத்தான் சொன்னாய்," என்றார் கடைசியில்.

"கோவமா அப்பா?"

"இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பிக் களவெட்டியைப் பார்த்தார். "தூர வந்துட்டம்தானே, இனிச் சொல்லலாம்."

அவர் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

மருத மரத்தில் ஏறினார். மேலே தாயும் தகப்பனுமாய் இரண்டு கிளிகள் அவர் தலையைச் சுற்றிக் கிழித்துக்கொண்டு பறந்தன. ஒன்று காதோரம் கொத்தியது. பொந்துக்குள் கையை விட்டுக் குஞ்சை வைத்து, கையை எடுத்து, இறங்கினார். காதில் இரத்தம் பொட்டாக நின்றது.

"பிழைக்குமா?"

"தெரியா."

அந்தப் பருவத்தில் பெரியவர்கள் என்னிடம் சொன்ன எல்லாவற்றிலும் அந்த ஒன்றைத்தான் இன்றும் நம்புகிறேன். அடுத்த நாள் பரணிலிருந்து ஒரு கிளி அந்தப் பொந்துக்குள் நுழைவதைக் கண்டேன். வாயில் எங்கள் கதிர். நான் தகரத்தை இழுக்கவில்லை. அதற்கு மேல் என்ன நடந்ததென்று என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தப் போகம் விளைச்சல் குறைந்தது. ஓம், குறைந்ததுதான். அறுவடைக்கு முன் இரண்டு நாள் தப்பு மழை அடித்தது. மேற்கு வாய்க்கால் பக்கம் அறக்கொட்டிப் பூச்சி விழுந்திருந்தது. மாமாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. "மருமகள் ஒரு சொல்லுல திண்டுட்டாள்" என்றுதான் ஊர் முழுக்கச் சொன்னார், சாகும்வரை சொன்னார், கடைசியில் பாதி சிரிப்போடு சொன்னார். நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. மழையையும் பூச்சியையும் சாட்சிக்குக் கூப்பிடவும் இல்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல் ஒரு வட்டை நெல்லைக் குறைத்ததென்றால், குறைத்ததுதான். பதினொரு வயதில் வேறு யாருக்கு அந்தப் பலம் இருந்தது?

சித்திரை கழிந்தது. அப்பாவின் சைக்கிளில் என் பெட்டியைக் கட்டினார்கள். அம்மா வாசல்வரை வரவில்லை. முற்றத்தில் நின்றா, என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தா, விளக்குமாற்றை எடுத்தா. நான் படலையைத் தாண்டுமுன்னே கூட்டத் தொடங்கிவிட்டா. ஒருவர் பயணம் போன காலடியை உடனே கூட்டக் கூடாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பின்னால் அந்தச் சத்தம், சரக், சரக்கென்று, நான் வாய்க்கால் பாலம் ஏறும்வரை. என்னைத் துடைத்து எறிகிறா என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனேன்.

அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார்: "உங்கட அம்மாவுக்கு ஆளனுப்பிப் பழக்கமில்ல."

பிறகு வலையிறவுப் பாலம், சோதனைச் சாவடி, புளியந்தீவு, நீங்கள். வாவிப் பக்கத்து ஜன்னல். மீன் பாடுகிறது கேள், மீன் பாடுகிறது கேள் என்று என்னைத் தட்டி எழுப்புவீர்கள். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குக் கேட்டது விளக்குமாறுதான்.

மழைக்கு முன் பாதை பூட்டியது. அது உங்களுக்கும் தெரியும். யார் யாருடைய பெட்டியில் அழுதோம் என்பதும் தெரியும். அம்மா பயந்தது அச்சொட்டாக நடந்தது. வீட்டுக்காரி வெளியே, வீடு உள்ளே, நடுவில் பாதை இல்லை. ஆகவே அம்மா சரி. நானும் சரி. இரண்டு சரிகளையும் ஒரே வளவுக்குள் கட்டிப்போட்டால் முட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிற வயது எனக்குக் கடந்துவிட்டது. முட்டட்டும்.

பாதை திறந்து நான் போனபோது என் தலைமயிர் நீண்டிருந்தது, அம்மாவுடையது நரைத்திருந்தது. விறாந்தையில் அந்தப் பிரம்புக் கூடு அதே கொளுக்கியில் தொங்கியது. உள்ளே வெங்காயம். கொய்யாக் கம்பில் ஒரு பிடி உள்ளிப்பூண்டு முடிந்து கிடந்தது. கதவு இல்லை, கழற்றியிருந்தார்கள்.

நான் பார்ப்பதை அம்மா பார்த்தா. "வெங்காயத்துக்குக் காத்துப் படணும்," என்றா.

அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது. கூடு பிறகு எந்த இடப்பெயர்வில் எங்கே போனதோ. தேடிப் பார்த்தேன், இல்லை.

இப்போது அந்த வீடு என் பெயரில். கல்லூரி முடித்து, அதற்கு மேலும் படித்து, திரும்பி வந்து என் வீட்டில் நானே விளக்கு வைக்கிறேன். மச்சாளுக்கு ஐந்து பிள்ளைகள், கிளி இல்லை. என்னைக் கண்டால் "பொலி திண்டவள் வாறாள்" என்று வரம்பில் நின்றே கத்துவாள். அவளுடைய வயலில் இப்போது வெட்டுகிற மிசின் வருகிறது. வெட்டி, அடித்து, ஒரே மூச்சில் சாக்கில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மேலே இருக்கிறவன் செருப்போடு இருக்கிறான். போதும், முடிஞ்சுது, இல்ல, வேணாம் என்று தொலைபேசியில் கத்துகிறான். நெல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. கிளிகள் மட்டும் அதே மாதிரி வருகின்றன, நகை போட்டுக்கொண்டு போகின்றன.

இதை நான் எழுதிக்கொண்டிருக்க, எதிரே அம்மா சுளகை மடியில் வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறா. கண் கொஞ்சம் மங்கல், காது நல்லம்.

"ஆருக்குப் புள்ள இவ்வளவு எழுதிறாய்?"

"ஹொஸ்டல்ல என்னோட இருந்தாளே, கடைசிக் கட்டில்ல படுத்தவள். அவள்ட மகள் கல்லூரிக்குப் போறாளாம். போகமுன்ன கிளி வாங்கிக் குடுக்கலாமா எண்டு கேக்காள்."

அம்மா ஒரு வெங்காயத்தை முழுவதும் உரித்து முடித்தா.

"அந்தப் புள்ளைக்கிட்டக் கேட்டவளாமா?"

"தெரியா."

"கேக்கச் சொல்லு." தோலையெல்லாம் சுளகின் ஓரத்துக்குத் தள்ளினா. "களவெட்டிக்குள்ள வைச்சுக் கேக்க வேணாமெண்டும் எழுது."